அசலும் வட்டியும்: பொரிப்பகக் குஞ்சும் வளர்ப்பாளர் கோழியும்

(சற்று நீண்ட பதிவு. கால்நடை அறிவியல், வரலாறு, மொழியியல் மாணவர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

கடன் பத்திரத்தில் நாம் எழுதும் ‘அசல்’ என்னும் சொல் அரபியிலிருந்து வந்தது. வேர், மூலம் என்பன அதன் முதற்பொருள். வட்டி வளரும், அது முளைக்கும் வேர் அசல். அதே அரபி வேரினின்று கிளைத்த மற்றொரு சொல் ‘அசீல்’. நற்குடிப் பிறந்தது, வம்சம் அறியப்பட்டது என்பது அதன் பொருள். இந்தியத் துணைக்கண்டத்தின் மிகப் புகழ்பெற்ற கோழியினத்திற்கு இதுவே பெயர். தமிழகத்தில் அதை ‘அசில்’ என்பர். நிறத்தையோ ஊரையோ சுட்டாமல், பெற்றோர் இன்னாரென்று தெரியும் என்னும் உறுதிமொழியையே ஒரு பறவைக்குப் பெயராக இட்டிருக்கிறார்கள்.

இன்று கோழி வளர்க்க முனையும் எவர் முன்னும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சுகளை நூற்றுக்கணக்கில் வாங்குவது. மற்றொன்று, ஓர் இனத்தைத் தலைமுறைகளாகப் பேணிவரும் வளர்ப்பாளரிடம் சில கோழிகளைத் தேடிப் பெறுவது. விலை, சுவை, முட்டை எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டே இவ்விரண்டையும் ஒப்பிடுவது வழக்கம். இவற்றின் வரலாற்றை வாசிக்கும்போது எனக்கு வேறொரு கேள்வியே முதன்மையாகத் தோன்றுகிறது: நாம் வாங்கும் பறவையின் பெற்றோர் யார் கையில் இருக்கிறார்கள்? ஒருவர் அசலை விற்கிறார். மற்றவர் அசலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு வட்டியை மட்டும் விற்கிறார். இந்த வேறுபாடு எப்போது, எவ்வாறு உருவாயிற்று என்பதே இப்பதிவின் பொருள்.

வீட்டுக்கோழியின் மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி என்பதை 1868-இல் வெளியான தம் நூலில் டார்வின் வலியுறுத்தினார். கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்து வந்த எட்வர்டு பிளைத்துடன் அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து அம்முடிவுக்குப் பெரிதும் துணைநின்றது. தென்மேற்குச் சீனா, வடக்குத் தாய்லாந்து, மியான்மர் ஆகிய பகுதிகளில் வாழும் காட்டுக்கோழித் துணையினமே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என்று 2020-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு காட்டியது. வளர்ப்பினங்களின் உருவாக்கத்தை விளக்கும்போது டார்வின் செய்த ஒரு பாகுபாடு நமக்கு இங்கே பயன்படும். ஒரு குறிக்கோளை மனத்தில் இருத்திச் செய்யும் முறையான தெரிவு ஒன்று. சிறந்ததை வைத்துக்கொண்டு மற்றதை உண்டுவிடும் அன்றாட வழக்கத்தால், எவரும் திட்டமிடாமலே நிகழும் தெரிவு மற்றொன்று. இந்திய நாட்டுப்புறக் கோழிகளில் பெரும்பாலானவை இரண்டாம் வழியில் உருவானவை. நன்றாக அடைகாக்கும் பெட்டையையும், பருந்தைக் கண்டால் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கும் தாயையும் விட்டுவைத்து மற்றவற்றைக் குழம்புக்கு அனுப்பிய பெண்கள் அக்கோழிகளின் முதல் வளர்ப்பாளர்கள். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அசீல் முதல் வழியைச் சேர்ந்தது. இலக்னோவின் நவாபு ஆசஃப்-உத்-தௌலா முன்னிலையில் 1784-ஆம் ஆண்டையொட்டி நடந்த சேவற்கட்டை யோகன் சோஃபனி ஓவியமாகத் தீட்டினார். கர்னல் மோர்டான்ட்டின் பெயரால் அறியப்படும் அவ்வோவியத்தில் கம்பெனி அதிகாரிகளும் அரசவையினரும் சேவல் பிடிப்போரும் ஒரே கூடாரத்தின்கீழ் நெருங்கி நிற்கின்றனர். இலக்னோவின் பண்பாட்டைப் பதிவுசெய்த அப்துல் ஹலீம் ஷரரும் தம் நூலில் சேவற்கட்டுக்கு இடம் ஒதுக்கியுள்ளார். வடநாட்டு வளர்ப்பாளர்கள் அசீலுக்குள்ளேயே நிறத்தைக் கொண்டு வகை பிரித்தனர். பொன்சிவப்பு ‘பீலா’, கறுப்பும் சிவப்பும் கலந்தது ‘யாகூப்’, வெண்மை ‘நூரி’, முழுக்கறுப்பு ‘காகர்’, பழுப்பு ‘டீக்கர்’. தெலுங்கு நாட்டில் மயில், காகம், பருந்து ஆகியவற்றின் பெயர்களைச் சேவலுக்கு இட்டனர். சொற்கள் இவ்வளவு நுட்பமாக இருந்தால், அவற்றை ஆண்டோர் பார்வையும் அவ்வளவு நுட்பமாக இருந்திருக்க வேண்டும். வம்சாவளிப் பதிவேடு எதுவுமின்றி அச்சொற்களும் நினைவுமே இனத்தைக் காத்தன.

ஆனால் வளர்ப்பாளர் மரபைப் போற்றிப் பாடுவதோடு வரலாறு நின்றுவிட முடியாது. 1845-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் நடந்த கோழிக் கண்காட்சியையும், சீனாவிலிருந்து வந்திறங்கிய பெருங்கோழிகளையும் தொடர்ந்து இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ‘கோழிக் காய்ச்சல்’ என்றே அழைக்கப்பட்ட ஒரு மோகம் பிடித்தாட்டியது. அம்மோகத்தில் பொருளீட்டிய ஜார்ஜ் பர்ன்ஹாம் என்னும் அமெரிக்கர், 1852-இல் விக்டோரியா அரசிக்குச் சில கோழிகளைப் பரிசாக அனுப்பித் தம் சரக்கின் மதிப்பை உயர்த்திக்கொண்டார். மோகம் தணிந்தபின் 1855-இல் அதை எள்ளி நகையாடி நூலும் எழுதினார். அவர் பரப்பிய இனங்களுள் ஒன்று ‘பிரம்மா’. ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து அமெரிக்கா சென்ற பறவைகளே அதன் அடித்தளம். பெயரோ பிரம்மபுத்திராவிலிருந்து எடுக்கப்பட்டது. இனத்தூய்மை என்னும் கருத்து சந்தைக்காகவும் புனையப்படும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1865-இல் பிரிட்டனிலும் 1874-இல் அமெரிக்காவிலும் அச்சான இனத்தர நூல்கள் கொண்டையின் வடிவையும் இறகின் கோட்டையும் வரையறுத்தன. இனங்கள் பல அதனால் பிழைத்தன. கண்ணுக்கு அழகாயிருந்து முட்டையில் குறைந்த கோழிகளும் அதனாலேயே பெருகின.

இனி, பொரிப்பகத்திற்கு வருவோம். தாய்க்கோழியின்றி முட்டை பொரிப்பது புதிய கலையன்று. எகிப்தில் முட்டைகளை எருவில் புதைத்துப் பொரிக்கச் செய்வதை அரிஸ்டாட்டில் குறிப்பிடுகிறார். பிற்காலத்தில் அங்கே செங்கல் சூளை போன்ற அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகள் பொரிக்கப்பட்டன. பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் 1749-இல் இக்கலைக்கென்றே நூல் எழுதினார். 1879-இல் கலிஃபோர்னியாவின் பெட்டலூமாவில் லைமன் பைஸ் உருவாக்கிய பொரிப்பான் அதைப் பெருந்தொழிலாக்கியது. பொரிந்த குஞ்சு, வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கருவைக் கொண்டு ஏறத்தாழ 72 மணி நேரம் தீனியும் நீருமின்றி உயிர் தாங்கும். தாய்க்கோழி முதற்குஞ்சு பொரிந்தபின்னும் மற்ற முட்டைகளுக்காக அடையில் அமர்ந்திருக்க வாய்ப்பளிப்பது இந்த இயல்பே. அதே இயல்பு தொடர்வண்டிக்கும் பயன்பட்டது. 1892-இல் நியூ ஜெர்சியிலிருந்து சிகாகோவுக்கு ஒருநாள் குஞ்சுகள் அனுப்பப்பட்டன. 1918-இல் அமெரிக்க அஞ்சல் துறை குஞ்சுப் பெட்டிகளை முறையாக ஏற்கத் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அக்காலப் பொரிப்பகங்கள் விற்றவை பெரும்பாலும் லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் போன்ற தனியினங்களே. அவற்றை வாங்கிய உழவர் தம் முற்றத்திலேயே அடுத்த தலைமுறையை எடுக்கலாம். அதுவும் பெற்றோரைப் போலவே இருக்கும். இயந்திரம் பொரித்ததாலேயே கோழி வேறாகிவிடவில்லை. தாய்க்கோழியின் வேலையை மட்டுமே பொரிப்பகம் எடுத்துக்கொண்டது. அசல் இன்னும் வாங்கியவர் கையில்தான் இருந்தது.

பிளவு 1930களில் நேர்ந்தது. வீரிய ஒட்டு மக்காச்சோள விதை விற்பனைக்காக 1926-இல் நிறுவனம் தொடங்கிய ஹென்றி வாலஸின் குழுமம், அதே முறையை 1936 முதல் கோழிக்கும் கையாண்டது. தனித்தனியே உட்கலப்பு செய்த வரிசைகளை ஒன்றோடொன்று சேர்த்தால் பிறக்கும் குஞ்சு பெற்றோரை விஞ்சும்; ஆனால் அக்குஞ்சுகளுக்குப் பிறப்பவற்றில் அந்த வீரியம் குலைந்து, பண்புகள் சிதறும். விதையில் கண்ட இந்த உண்மை வணிகத்திற்கு வரமாயிற்று. வாங்கியவர் மீண்டும் வந்துதானே தீர வேண்டும்! பின்னர் ஏ அண்டு பி என்னும் மளிகைக்கடைத் தொடரின் ஆதரவில் ‘நாளைய கோழி’ப் போட்டி நடந்தது. 1948-இலும் 1951-இலும் அதன் தேசியச் சுற்றில் வென்றவர் சார்லஸ் வான்ட்ரெஸ். 1948-இல் அவர் கொண்டுவந்த பறவை கார்னிஷ் சேவலுக்கும் நியூ ஹாம்ப்ஷயர் பெட்டைக்கும் பிறந்த கலப்பு. இன்று உலகின் கறிக்கோழி மரபை ஆளும் விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களுள் ஒன்று அவர் பெயரைத் தாங்கி ‘காப்-வான்ட்ரெஸ்’ என்று வழங்குகிறது.

அந்தக் கார்னிஷ் சேவல் எங்கிருந்து வந்தது? 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற அசீல்களைப் பிற சண்டைக்கோழிகளோடு இணைத்து உருவாக்கிய இனம் அது. அதன் முதற்பெயர் ‘இண்டியன் கேம்’. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கர் அதைக் கார்னிஷ் என்று மாற்றினர். சண்டைக்காக இந்திய வளர்ப்பாளர் திரட்டிய அகன்ற மார்பு, கறிக்கோழியின் நெஞ்சுக்கறியாயிற்று. 1971-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் போன்ற நிறுவனங்கள் பாப்காக், காப் முதலிய அமெரிக்க மரபுவரிசைகளை இந்தியாவில் பெருக்கியபோது, அசீலின் குருதி பெயரிழந்து, உரிமை மாறி, விலைச்சீட்டோடு தாய்நாடு திரும்பியது எனலாம். அசலைக் கொடுத்தவர் வாரிசுகளே வட்டிக்காரரின் வாசலில் நிற்க நேர்ந்தது.

மாணவர்களுக்காக அந்தப் பூட்டின் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். நிறுவனத்திடம் அ, ஆ, இ, ஈ என நான்கு தூய வரிசைகள் உள்ளன என்று கொள்வோம். பாட்டன்-பாட்டி நிலையில் பொரிப்பகத்திற்கு அனுப்பப்படுவன: அ-வின் சேவல் மட்டும், ஆ-வின் பெட்டை மட்டும், இ-யின் சேவல் மட்டும், ஈ-யின் பெட்டை மட்டும். இவை இணைந்து பெற்றோர் நிலை உருவாகும். பெற்றோர் இணைந்து சந்தைக் குஞ்சு உருவாகும். எந்த வரிசையின் இரு பாலும் ஒருவர் கைக்கு ஒருசேரக் கிடைப்பதில்லை. ஆகவே சட்டமோ காப்புரிமையோ இல்லாமலே, உயிரியலே பூட்டாகிவிடுகிறது. சாவி முதல் வரிசைகளை வைத்திருப்பவரிடம் இருக்கிறது.

இதனால் நாம் பெற்றதைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. அசீல் பெட்டை ஆண்டுக்கு நூறு முட்டைகளை எட்டுவதில்லை; பொரிப்பக முட்டைக்கோழி முந்நூற்றைத் தாண்டும். கறிக்கோழி ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோவை எட்டுகிறது. முட்டை ஏழைக்கும் எட்டும் புரதமானதும், பள்ளிச் சத்துணவுத் தட்டில் அது இடம்பெற முடிந்ததும் பொரிப்பகங்களால்தான். நோய்த் தடுப்பிலும் அவற்றின் பங்கு பெரிது. வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊர்களில் வழங்கும் நோய்க்கு இந்தியக் கால்நடை நூல்களில் பெயர் இராணிக்கெட் நோய். 1920களின் இறுதியில் அந்தக் குமாவோன் மலையூரில் அது கண்டறியப்பட்டது. அதற்கான தடுப்பூசிகளுள் ஒன்று அதே மலைத்தொடரின் முக்தேசுவரத்திலிருந்து வந்தது. முறையாக நடக்கும் பொரிப்பகக் குஞ்சு முதல் நாளிலேயே மேரெக்ஸ் தடுப்பூசி பெற்று வருகிறது. முற்றத்து வளர்ப்பாளர் பலரிடம் இந்த ஒழுங்கு இல்லை.

இழப்பும் உண்டு. அடைகாக்கும் கோழி முட்டையிடுவதை நிறுத்தும் என்பதால், முட்டைக்கோழி வரிசைகளிலிருந்து அடையுணர்வு படிப்படியாக நீக்கப்பட்டது. தாய்மையைத் தெரிந்து விலக்கிய பறவை, இயந்திரமின்றித் தன் இனத்தைத் தொடர முடியாது. 1920களில் ஜப்பானில் ஒருநாள் குஞ்சின் பாலறியும் முறை உருவானபின், முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் ஆண்குஞ்சுகள் பிறந்த அன்றே அழிக்கப்படுவது வழக்கமாயிற்று. 2008-இல் வெளியான ஓர் ஆய்வு, வணிகத் தூய வரிசைகளில் கோழியினங்களின் மரபுப் பன்மையில் பாதி அல்லது அதற்கு மேலும் காணப்படவில்லை என்று மதிப்பிட்டது. நாளை புதிய நோயோ வெப்பமோ வரும்போது, அதைத் தாங்கும் பண்பைத் தேடி வணிக நிறுவனமும் பழைய இனங்களின் வாசலுக்கே வர வேண்டியிருக்கும்.

பொரிப்பகத்திற்கும் வளர்ப்பாளருக்கும் நடுவே இந்தியாவில் மூன்றாவது ஒன்றும் உருவாகியுள்ளது. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ‘நாட்டுக்கோழி’ என்னும் சொல் என்னை ஈர்க்கிறது. தெலுங்கில் ‘நாட்டு கோடி’, கன்னடத்தில் ‘நாட்டி கோளி’, மலையாளத்தில் ‘நாடன் கோழி’, இந்தியிலும் வங்கத்திலும் ‘தேசி’. அயல்கோழி வரும்வரை அடைமொழிக்குத் தேவையே இருந்திருக்காது. அது வெறும் கோழி. அயல் வந்தபின் அடைமொழி வந்தது. அடைமொழிக்கு விலை வந்தபின் பொரிப்பகங்கள் அதையும் விற்கத் தொடங்கின. ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கோழி ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘வனராஜா’ போன்ற வண்ணக்கோழிகள் முற்றத்து வளர்ப்புக்கென்றே வெளிப்படையாக வடிவமைக்கப்பட்ட இருவரிசைக் கலப்புகள். அவை நல்ல பயனும் தந்துள்ளன. ஆனால் வண்ண இறகை மட்டும் காட்டி எந்தக் கலப்பையும் ‘நாட்டுக்கோழி’ என்று விற்கும்போது சொல் தன் பொருளை இழக்கிறது. அந்தச் சேவல் ஊர்ப்பெட்டைகளோடு சேரும்போது இனமும் தன் வரம்பை இழக்கிறது.

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவாப் பகுதியில் பீல், பீலாலா மக்கள் பேணிய கடக்நாத் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தோலும் தசையும் எலும்பும் கருமை பூண்ட இக்கோழியின் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் நாடெங்கும் ‘கடக்நாத்’ குஞ்சுகள் விற்பனைக்கு வந்தன. அக்கருமைக்குக் காரணம் 20-ஆம் குரோமோசோமில் நிகழ்ந்த ஓர் இரட்டிப்பு. அது ஓங்கு பண்பு. எனவே கலப்புக் குஞ்சிலும் கருமை தென்படும். கண்ணால் மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாற வாய்ப்பு மிகுதி. ஜாபுவாவில் அரசே கடக்நாத்துக்கெனப் பொரிப்பகம் நடத்துகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தூய இனத்தை இயந்திரத்தில் பொரித்துப் பெற்றோரையும் மறைக்காமல் விற்றால், பொரிப்பகமும் வளர்ப்பாளரே.

வளர்ப்பாளர் தரப்பிலும் கேட்க வேண்டிய கடுமையான கேள்வி ஒன்றுண்டு. அசீலைக் காத்தது சேவற்கட்டு. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் விலங்குகளை மோதவிடுவதைக் குற்றமாக்குகிறது. கொடுமையை விலக்கினால் இனத்தைக் காக்கும் ஊக்கம் எங்கிருந்து வரும்? இதற்கு ஒரு விடை கிழக்குக் கோதாவரி மலைப்பகுதியில் உள்ளது. அங்கே பழங்குடிப் பெண்களிடையே ‘வாட்டா’ என்னும் பங்குமுறை உண்டு. ஒரு பெண் மற்றொருத்திக்குப் பெட்டையைக் கொடுப்பாள். பொரித்து வளர்த்தபின் குஞ்சுகளைப் பகிர்ந்துகொள்வர். தமிழகத்தில் ‘வாரத்துக்கு விடுதல்’ என்பதும் இதுவே. ஆந்த்ரா என்னும் தன்னார்வ அமைப்பு இம்முறையைக் கொண்டு அங்கே அசீலை மீண்டும் பெருக்க முயன்றது. சண்டைக்களமும் வங்கிக் கடனும் இல்லாமல் அசல் கைமாறிப் பெருகும் வழி இது.

கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபுவள நிறுவனம் ஏறத்தாழ 20 கோழியினங்களைப் பதிவுசெய்துள்ளது. பதிவு தேவைதான். ஆயினும் அகராதியில் ஏறியதாலேயே ஒரு மொழி பிழைத்துவிடாது. தாய் பிள்ளையிடம் அதைப் பேச வேண்டும். இனமும் அவ்வாறே. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டிலிருந்த 85.18 கோடிக் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளுள் 31.7 கோடி முற்றத்து வளர்ப்பில் இருந்தன. முந்தைய கணக்கெடுப்பைவிட முற்றத்துப் பறவைகள் 45.8 விழுக்காடு பெருகியிருந்தன. வணிகப் பண்ணைப் பறவைகள் 4.5 விழுக்காடே பெருகின. முற்றம் அழிந்துவிடவில்லை. அங்கே உலவுவது எவருடைய கோழி என்பதுதான் இனித் தீர்வாக வேண்டியது.

எனவே தெரிவு செய்வோருக்கு நான் கூறக்கூடியது இதுவே. இவ்வாண்டு முட்டையும் கறியும் வேண்டுமென்றால், தடுப்பூசி இட்ட பொரிப்பகக் குஞ்சை வாங்குவதில் தவறில்லை. அது வட்டி என்று தெரிந்து வாங்குங்கள். பத்தாண்டு கழித்தும் உங்கள் முற்றத்தில் அடைகாக்கும் கூட்டம் வேண்டுமென்றால், வளர்ப்பாளரிடம் செல்லுங்கள். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். எத்தனை சேவல்களை வைத்திருக்கிறார், அண்ணன் தங்கை சேராமல் எவ்வாறு பார்த்துக்கொள்கிறார், எந்த நோய்க்கு ஊசி போட்டார், பெட்டை தானே அடைக்கு அமருமா என்று கேளுங்கள். விடை சொல்பவர் பொரிப்பகம் நடத்தினாலும் நம்பலாம். மழுப்புபவர் தலைமுறை வளர்ப்பாளரானாலும் விலகலாம். வாங்கியபின் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு: சில குஞ்சுகளை அடுத்தவருக்குக் கொடுங்கள். ஒரே கொட்டிலில் இருக்கும் இனம் ஒரே வெள்ளைக்கழிச்சலில் முடிந்துவிடும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் மொழியிலும் கோழியின் நிறத்துக்கும் நடைக்கும் கொண்டைக்கும் வழங்கும் சொற்களைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அவற்றைச் சொன்னவர் இன்னும் கோழி வளர்க்கிறாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.